கடலைக்கு ‘பாசிட்டிவ்’ வந்த குழந்தை: அலர்ஜி நிபுணரிடம் போகும் முன்

“பால் இவனுக்கு ஒத்துக்கல.” குழந்தை மருத்துவரின் அறையில் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. ‘ஒத்துக்காதது’ என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. நிபுணரின் முதல் வேலை அவற்றைப் பிரித்தெடுப்பதுதான். எது என்று தெரியாமல் சிகிச்சையைப் பற்றிக் கருத்துக் கேட்பதில் பயன் இல்லை.

பால் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, காற்றுப் பிரிந்து, தண்ணீராகப் போனால் அது பெரும்பாலும் லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவதால் வருவது. நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அதில் பங்கில்லை, உயிருக்கும் ஆபத்தில்லை. அதே பால் உள்ளே போன சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு என்று வந்தால் அது ஐஜிஇ (நோய் எதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் ஒருவகை எதிர்ப்பொருள்) வகை அலர்ஜி. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றியது. மூன்றாவது வகையில் உணவு போய் ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் கழித்து அடுக்கடுக்காக வாந்தி வரும். குழந்தை வெளிறித் துவண்டுபோகும். தோலில் ஒன்றும் தெரியாது. இதற்கு அரிசிகூடக் காரணமாகலாம். முதன்முதலாகக் கஞ்சி ஊட்டிய பிள்ளைக்கு இப்படி ஆனால் ‘செரிக்கவில்லை’ என்றோ, கிருமித்தொற்று என்றோ நினைத்து விட்டுவிடுவார்கள். ஐஜிஇ இதில் சம்பந்தப்படாததால் அலர்ஜிப் பரிசோதனைகள் பெரும்பாலும் ‘நெகட்டிவ்’ என்றே வரும். நான்காவது, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தையின் மலத்தில் நூலாக இரத்தம் தெரிவது. பிள்ளை நன்றாகத்தான் இருக்கும், எடையும் ஏறும். இரண்டு முதல் நான்கு வாரம் தாய் பால் பொருட்களை நிறுத்திப் பார்த்து, பிறகு மீண்டும் சாப்பிட்டுப் பார்ப்பதுதான் இதற்குப் பரிசோதனை. அந்த மீண்டும் சாப்பிடும் கட்டத்தை விட்டுவிட்டு, தாயை ஒரு வருடம் தயிரில்லாமல் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம்.

அலர்ஜியே இல்லாமல் அலர்ஜி போலத் தோன்றுபவையும் உண்டு. சளி, காய்ச்சலுக்குப் பின் மூன்று நான்கு நாள் வந்து வந்து மறையும் தடிப்பு பெரும்பாலும் வைரஸின் வேலை. பழி அன்றைக்குச் சாப்பிட்ட முட்டைமேல் விழுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘கரப்பான் பண்டம்’ என்று ஒதுக்கும் கத்தரிக்காய், கருவாட்டு விஷயமும் முழுக்கக் கற்பனை அல்ல. அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் கத்தரிக்காயில் இயல்பாகவே இருக்கிறது. சரியாகப் பதப்படுத்தாத மீனில் அது கூடிவிடும். அதனால் வாயைச் சுற்றி அரிக்கலாம், சிவக்கலாம். கத்தரிக்காய்க்கு உண்மையான அலர்ஜி உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அரித்ததெல்லாம் அலர்ஜி ஆகாது.

ரிப்போர்ட்டில் உள்ள எண் என்ன சொல்கிறது?

நிபுணரிடம் வரும் பெற்றோர் பலர் கையில் ஏற்கெனவே ஒரு ரிப்போர்ட் இருக்கும். நூறு, இருநூறு உணவுகள். பாதிக்கு எதிரே சிவப்புக் கட்டம். கோதுமை, பால், துவரம்பருப்பு, தக்காளி, வாழைப்பழம் எல்லாம் ‘பாசிட்டிவ்’. அதை நம்பி அத்தனையையும் நிறுத்திவிட்டு, இளைத்துப்போன பிள்ளையோடு வருகிறார்கள்.

இரத்தத்தில் ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருக்கிறது என்றால், உடல் அதை அடையாளம் கண்டிருக்கிறது என்றுதான் பொருள். அதைச் சாப்பிட்டால் உடம்பு எதிர்வினை காட்டும் என்று பொருள் இல்லை. பெங்களூரு, மைசூர் பகுதியில் பெரியவர்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு இந்த இடைவெளியைப் பளிச்சென்று காட்டியது: உணவுகளுக்கு ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம், அலர்ஜி இருக்க வாய்ப்புள்ளவர்களாகக் கணிக்கப்பட்டவர்கள் 1.2 சதவீதம் மட்டுமே. நம் பகுதியில் ஒரு காரணமும் இல்லாமல் அகலமாக வலைவீசிப் பரிசோதித்தால் எத்தனை பொய்யான ‘பாசிட்டிவ்’ விழும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

வழக்கமாக லிட்டருக்கு 0.35 கிலோ யூனிட்டுக்கு மேல் போனால் ‘பாசிட்டிவ்’ என்று அச்சிடுவார்கள். அமெரிக்கச் சிறப்பு மையங்களில் குழந்தைகளை வைத்துக் கணித்த அளவுகளோ வேறு: சாப்பிட்டால் எதிர்வினை வரும் வாய்ப்பு 95 சதவீதத்தை எட்டுவது பாலுக்கு ஏறத்தாழ 15, முட்டைக்கு 7, நிலக்கடலைக்கு 14 என்ற அளவில். இரண்டு வயதுக்குக் கீழே முட்டைக்கு இந்த எல்லை 2-ஆக இறங்கும். இவற்றை நம் பிள்ளைகளுக்கு அப்படியே ஒட்டிவிட முடியாது என்றாலும், 0.8 என்று வந்த எண்ணுக்கும் 40 என்று வந்த எண்ணுக்கும் உள்ள தூரம் புரியும். இன்னொன்று: எண் பெரிதாக இருந்தால் அலர்ஜி இருக்கும் வாய்ப்பு கூடுகிறது, எதிர்வினை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை எண் சொல்லாது.

ரிப்போர்ட்டில் ஐஜிஇ என்றில்லாமல் ஐஜிஜி அல்லது ஐஜிஜி4 (வேறு வகை எதிர்ப்பொருள்கள்) என்று இருந்தால் மடித்து வைத்துவிடலாம். அந்த உணவைக் குழந்தை சாப்பிட்டு வருகிறது என்பதற்கு மேல் அது எதையும் காட்டுவதில்லை. ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் சங்கம் 2008-லேயே இதை அலர்ஜிக்குப் பரிசோதனையாகப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ‘உணவு ஒவ்வாமைப் பரிசோதனை’ என்ற பெயரில் இன்னும் விற்கப்படுகிறது என்பது வேறு கதை.

ரிப்போர்ட்டை நம்பி உணவை நிறுத்துவதால் வரும் கேடு எடை குறைவதோடு நிற்பதில்லை. கரப்பான் (எக்சிமா என்ற தோல் அழற்சி) உள்ள பிள்ளை தினமும் பால் குடித்து, தடிப்போ வாந்தியோ இல்லாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பாசிட்டிவ்’ என்று பாலை ஆறு மாதம் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது, முன்பு இல்லாத கடும் அலர்ஜி வரலாம். தொடர்ந்து வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்ததால்தான் உடல் அதைப் பொறுத்துக்கொண்டிருந்தது. லண்டனில் நடந்து 2015-இல் வெளியான லீப் ஆய்வு இதன் மறுபக்கம்: கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த, 4 முதல் 11 மாத வயதுக் குழந்தைகள் 640 பேரில், கடலையைத் தவிர்த்தவர்களில் ஐந்து வயதில் ஏறத்தாழ 17 சதவீதம் பேருக்குக் கடலை அலர்ஜி; சிறுவயதிலிருந்தே சாப்பிட்டு வந்தவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான். ஆகவே இப்போது பிரச்சினையில்லாமல் சாப்பிடும் எதையும் நிபுணரைப் பார்க்கும் வரை நிறுத்த வேண்டாம்.

எதை எடுத்துப்போவது?

நிபுணரின் தீர்ப்பில் பெரும்பங்கு பெற்றோர் சொல்லும் விவரத்தில்தான் இருக்கிறது. என்ன சாப்பிட்டது, எவ்வளவு, பச்சையாகவா வேகவைத்தா பொரித்தா, எத்தனை நிமிடத்தில் முதல் அறிகுறி, பிறகு எது எது எந்த வரிசையில், எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள். இவற்றோடு மறந்துபோகும் இரண்டு கேள்விகள்: அதே உணவை அதற்கு முன் எப்போது பிரச்சினையில்லாமல் சாப்பிட்டது? அன்று காய்ச்சலா, ஓடி விளையாடியதா, ஐபுப்ரோஃபென் போன்ற வலி மருந்து எடுத்திருந்ததா? கோதுமை சாப்பிட்டுவிட்டு ஓடினால் மட்டும் அலர்ஜி வருகிற பிள்ளைகள் உண்டு. உட்கார்ந்திருந்தால் பரோட்டா ஒன்றும் செய்யாது.

தமிழில் கவனமாக இருக்க வேண்டிய ஒரு சொல் ‘கடலை’. நிலக்கடலை, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, கடலை மாவு என்று வீட்டில் எல்லாமே கடலைதான். இதில் நிலக்கடலை ஒரு செடி. மற்ற நான்கும் கொண்டைக்கடலையின் உருமாற்றங்கள். “சட்னியில் கடலை போட்டேன்” என்ற வரியை வைத்துக்கொண்டு மருத்துவரால் எந்தப் பரிசோதனையும் எழுத முடியாது. இந்தியாவில் கொண்டைக்கடலை அலர்ஜியும் உண்மையிலேயே இருப்பதால் இது வெறும் சொற்குழப்பம் அல்ல. தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலையா நிலக்கடலையா, சத்துமாவில் எந்தெந்தத் தானியம், எந்தக் கொட்டை என்று எழுதிக்கொண்டு போங்கள். பாக்கெட் உணவு என்றால் பின்பக்க அட்டையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தடிப்பின் படத்தையும் எடுத்த நேரத்தோடு வையுங்கள். மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் அது மறைந்திருக்கும்.

தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு முன் செட்ரிசின் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளை ஐந்து முதல் ஏழு நாள் நிறுத்தியிருக்க வேண்டும். பயணச் செலவு செய்து வந்துவிட்டு, இரண்டு நாள் முன் கொடுத்த சளி சிரப்பில் அதே வகை மருந்தான குளோர்ஃபெனிரமின் கலந்திருந்ததால் திரும்பிப்போகிறவர்கள் உண்டு. இரத்தப் பரிசோதனைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கடுமையான எதிர்வினை வந்திருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத் தோல் பரிசோதனை செய்வது நல்லது. உடனே செய்தால் பொய்யாக ‘நெகட்டிவ்’ காட்டலாம்.

குத்திப் பார்ப்பதும் கொடுத்துப் பார்ப்பதும்

முன்கையிலோ முதுகிலோ துளி மருந்து (சந்தேகிக்கும் உணவின் சாறு) வைத்து, ஊசி நுனியால் இலேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டர் பெரிய வீக்கம் எழுந்தால் ‘பாசிட்டிவ்’. ஒப்பீட்டுக்காக ஹிஸ்டமின் வைத்த இடத்தில் வீக்கமே எழவில்லை என்றால் பரிசோதனை செல்லாது. நம் ஊர் உணவுகள் பலவற்றுக்குத் தயார் மருந்துத் துளி கிடைக்காது. அப்போது உணவில் ஊசியைக் குத்தி அதே ஊசியால் தோலில் குத்துவார்கள். இதற்கு அந்த உணவையே கொண்டுவரச் சொல்வார்கள். முந்திரியானால் முந்திரி, இறாலானால் பச்சையும் வேகவைத்ததும். நிலக்கடலைக்கு ‘அரா எச் 2’ என்ற தனிப் புரதத்துக்கான இரத்தப் பரிசோதனை, மொத்தக் கடலை எண்ணைவிடத் துல்லியமானது. மொத்த எண் நடுவாந்திரமாக இருக்கும்போதுதான் இதற்குச் செலவழிப்பது பொருத்தம்.

அப்படியும் தெளியவில்லை என்றால் மருத்துவமனையில் வைத்துக் கொடுத்துப் பார்ப்பதுதான் இறுதித் தீர்ப்பு. புரத அளவில் 3, 10, 30, 100, 300, 1000, 3000 மில்லிகிராம் என்று படிப்படியாக, 20-30 நிமிட இடைவெளியில் கொடுப்பார்கள். பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 3.3 கிராம் புரதம். ஆகவே முதல் அளவு மில்லியில் பத்தில் ஒரு பங்கு. கடைசி அளவு 90 மில்லி. கடைசி வாய்க்குப் பிறகும் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பார்கள். முழுநாள் ஆகிவிடும். அன்று குழந்தைக்குச் சளி, காய்ச்சல், வீசிங் எதுவும் இருக்கக் கூடாது. பெற்றோர் இதைக் கண்டு பயப்படுவது இயல்பு. ஆனால் அலர்ஜியே இல்லாத உணவைப் பத்து வருடம் விலக்கி வைப்பதைவிட இந்த ஒரு நாள் மேல். கடும் எதிர்வினைக்குப் போடும் ஊசி மருந்தான அட்ரினலின் கையருகே இல்லாத இடத்தில் இதைச் செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் ‘கொஞ்சம் நக்கக் கொடுத்துப் பார்க்கலாம்’ என்பதும் வேண்டாம்.

சிகிச்சை என்றால் எது?

அலர்ஜி உறுதியான பிறகுதான் சிகிச்சை பற்றிய கருத்துக்கு அர்த்தம் வருகிறது. முன்னால் இருப்பவை: தவிர்த்துக் காத்திருப்பது, வெந்த வடிவில் ஏற்றுவது, சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்குவது, ஊசி மருந்து. எது பொருந்தும் என்பது உணவையும் வயதையும் பொறுத்தது. பால், முட்டை அலர்ஜி பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும். நிலக்கடலை ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் போகும். முந்திரி, வால்நட் போன்ற மரக்கொட்டைகள் இன்னும் குறைவு. இரண்டு வயதுப் பால் அலர்ஜிப் பிள்ளைக்குப் பொறுமை நல்ல சிகிச்சை. ஏழு வயதுக் கடலை அலர்ஜிப் பிள்ளைக்கு அதே பொறுமையால் அதிகம் கிடைக்காது.

தவிர்ப்பது என்றால் எந்த அளவுக்கு என்று கேட்டுத் தெளிய வேண்டும். சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் கிட்டத்தட்ட இல்லை. செக்கில் ஆட்டியதில் மிஞ்சியிருக்கும். ஆரோக்கியம் என்று செக்கெண்ணெய்க்கு மாறிய வீட்டில் இது முக்கியம். நெய்யிலும் பால் புரதம் இம்மியளவு தங்கும். மிகச் சிறு அளவுக்கே எதிர்வினை காட்டும் பிள்ளைக்கு அலர்ஜி வர அதுவே போதும். பசும்பால் ஒத்துக்காத பிள்ளைக்கு ஆட்டுப்பால் கொடு என்ற ஆலோசனை ஆபத்தானது, இரண்டின் புரதங்களும் மிக நெருக்கம், எருமைப்பாலும் அப்படியே. முந்திரி அலர்ஜி என்றால் பிஸ்தாவையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இந்திய உணவு அட்டைகளில் பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலை, மரக்கொட்டை, சோயா, குளூட்டன் உள்ள தானியம் ஆகியவற்றைத் தனியே அறிவிக்க வேண்டும் என்பது விதி. எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை. எள் அலர்ஜி உள்ள பிள்ளைக்கு ‘அலர்ஜித் தகவல்’ வரியை மட்டும் படித்தால் போதாது. பொருட்பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். சத்துணவில் முட்டை உண்டு என்பதால் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். முட்டை அலர்ஜி என்று தட்டம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வெந்த வடிவம் என்பதை நம் சமையலறையில் தவறாகப் புரிந்துகொள்வது எளிது. பால் அலர்ஜியுள்ள பிள்ளைகளில் பெரும்பான்மையோர் கேக் போன்ற, மாவோடு கலந்து 180 டிகிரியில் அரை மணி நேரம் அடுப்பில் வெந்த பாலைத் தாங்குகிறார்கள். நீண்ட நேர வெப்பம் புரதத்தின் மடிப்பைக் குலைக்கிறது, கோதுமை மாவு அதைப் பிடித்துக்கொள்கிறது. பால் காய்ச்சுவது 100 டிகிரியோடு நின்றுவிடும், மாவும் இல்லை. ஆகவே ‘நன்றாகச் சுண்டக் காய்ச்சிய பால்’, பால் பாயசம், திரட்டுப்பால் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. அரைவேக்காட்டு ஆம்லெட்டும் முட்டை கேக்குக்குச் சமம் அல்ல. முதல் படியை எங்கே வைத்துக் கொடுப்பது, வீட்டிலா மருத்துவமனையிலா என்பதை நிபுணர் சொல்ல வேண்டும். ஆஸ்துமா இருந்தாலோ முன்பு கடும் எதிர்வினை வந்திருந்தாலோ வீட்டில் தொடங்கக் கூடாது.

பழக்கும் சிகிச்சையில் அலர்ஜி உணவையே மில்லிகிராம் கணக்கில் தொடங்கி, மாதக்கணக்கில் ஏற்றி, ஓர் அளவில் நிறுத்தித் தினமும் கொடுப்பார்கள். நிலக்கடலைக்கென்று தயாரித்த பால்ஃபோர்சியா என்ற பொடி மருந்துக்கு அமெரிக்காவில் 2020 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 4 முதல் 17 வயதுள்ளவர்களில், மருந்து எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் 600 மில்லிகிராம் கடலைப் புரதத்தைத் தாங்கினார்கள், அதாவது சுமார் இரண்டு கடலை. ஒப்பீட்டுக்காக மருந்தே இல்லாத போலி மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதம். அதே ஆய்வில் சிகிச்சைக் காலத்தில் அட்ரினலின் போட வேண்டி வந்தவர்கள் 14 சதவீதம். போலி மருந்துக் குழுவில் 6.5 சதவீதம். இந்த இரண்டாவது வரியைச் சொல்லாமல் முதல் வரியை மட்டும் சொல்லுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். தவறுதலாக ஒரு கடலை உள்ளே போனால் தப்பிக்கவே இந்தச் சிகிச்சை. கடலை மிட்டாய் சாப்பிட அல்ல. பல பிள்ளைகளுக்கு நிறுத்தினால் பாதுகாப்பும் போய்விடும். காய்ச்சல் அன்று அளவைக் குறைக்க வேண்டும். கொடுத்த பின் இரண்டு மணி நேரம் ஓடக் கூடாது, வெறும் வயிற்றில் கூடாது. தொடர்ந்து வயிற்றுவலி, விழுங்கச் சிரமம் என்றால் உணவுக்குழாய் அழற்சியா என்று பார்க்க வேண்டும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய், மாலையில் பிள்ளை நேரே விளையாட்டுப் பயிற்சிக்குப் போகும் வீட்டில் இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்பது மருத்துவக் கேள்வியைவிடப் பெரிய கேள்வி.

ஐஜிஇ-யைக் கட்டிப்போடும் ஓமாலிசுமாப் ஊசிக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில், ஒரு வயது முதல், உணவு அலர்ஜிக்கு அனுமதி வந்தது. எடையையும் மொத்த ஐஜிஇ அளவையும் வைத்து இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஆய்வில் 600 மில்லிகிராம் கடலைப் புரதத்தைத் தாங்கியவர்கள் 67 சதவீதம். போலி ஊசியில் 7. பல உணவுகளுக்கு ஒரே நேரத்தில் பயன் தருவது இதன் பலம். விலையும், நிறுத்தினால் பயனும் நின்றுபோவதும் இதன் பலவீனம். இந்தியாவில் ஆஸ்துமாவுக்கும் நாள்பட்ட தடிப்புக்கும் இதே மருந்து பயன்படுகிறது.

எந்த வழியானாலும் அட்ரினலின் உண்டு

கடும் எதிர்வினைக்கு மருந்து அட்ரினலின் ஒன்றுதான். ‘அலர்ஜி ஊசி’ என்று பல இடங்களில் முதலில் போடப்படுவது ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தும் ஸ்டீராய்டும். அவை அரிப்பைக் குறைக்கும், அடைபடும் மூச்சையும் இறங்கும் இரத்த அழுத்தத்தையும் காப்பாற்றாது. அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் (உடைத்து எடுக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) 10 கிலோ பிள்ளைக்கு 0.1 மில்லி, 15 கிலோவுக்கு 0.15, 20 கிலோவுக்கு 0.2, சிறுவர்களுக்கு உச்சவரம்பு 0.3. தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், தசைக்குள். தேறவில்லை என்றால் 5 முதல் 15 நிமிடத்தில் மறுபடி. பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரவிடலாம், வாந்தி வந்தால் ஒருக்களித்து. எழுந்து நடக்கவிடக் கூடாது. 108-ஐ அழையுங்கள். தெளிந்துவிட்டாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் இருக்க வேண்டும், அறிகுறிகள் திரும்ப வரலாம்.

தானே குத்திக்கொள்ளும் பேனா ஊசி நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் ஆம்பூலும் ஒரு மில்லி சிரிஞ்சும் கொண்ட பெட்டியையே பலர் வைத்திருக்கிறார்கள். இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம்: ஊசி குட்டை, தசையை எட்டாது; அளவுக் கோடும் மில்லியில் இல்லை. ஆம்பூலில் நார்அட்ரினலின் என்று எழுதியிருந்தால் அது வேறு மருந்து. வெளிச்சம் படாமல், ஃபிரிட்ஜில் வைக்காமல், நிறம் மாறினால் தூக்கியெறிந்து புதிது வாங்கி வையுங்கள். மருத்துவர் அறையிலேயே வெறும் தண்ணீரை வைத்து ஆம்பூல் உடைத்து இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். பதற்றத்தில் 0.1 என்பது 1 ஆகிவிடும் கோடு அது. எடை கூடும்போது அளவையும் புதிதாக எழுதி வாங்க வேண்டும்.

இரண்டு நிபுணர் இரண்டு விதமாகச் சொன்னால்?

முதலில் எதில் வேறுபடுகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் அலர்ஜி இருக்கிறது, இன்னொருவர் இல்லை என்றால், அது மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்துத் தீர்க்கக்கூடிய வேறுபாடு. இருவரும் அலர்ஜி என்று ஒத்துக்கொண்டு, ஒருவர் பழக்கும் சிகிச்சை, மற்றவர் காத்திருப்பு என்றால், இரண்டுமே சரியாக இருக்கலாம். அங்கே முடிவு உங்கள் வீட்டு நடைமுறையைப் பொறுத்தது. அப்போது கேட்க வேண்டியவை: எந்தச் சம்பவத்தை, எந்தப் பரிசோதனையை வைத்து அலர்ஜி என்கிறீர்கள்? ஒன்றும் செய்யாவிட்டால் இந்த வயதில் போய்விடும் வாய்ப்பு எவ்வளவு? நீங்கள் இந்தச் சிகிச்சை செய்த பிள்ளைகளில் எத்தனை பேர் பாதியில் விட்டார்கள், ஏன்? இரவு பதினொரு மணிக்கு எதிர்வினை வந்தால் யாரை அழைப்பது? பால், முட்டை என்றால் அடுத்த பரிசோதனை எப்போது? கடைசிக் கேள்விக்குச் சாதாரணமாக வரும் பதில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். தேதியைக் கோப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுபரிசோதனைக்குப் போகாததாலேயே, எப்போதோ போய்விட்ட பால் அலர்ஜிக்காகப் பத்தாம் வகுப்பு வரை தயிர்ச்சாதம் தொடாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.